மேல்மண்ணை இரண்டடி அள்ளிவிட்டால் டேனரி இடம் சுத்தமாகிவிடுமா?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு வருடமாக மூடிக்கிடந்த ஒரு தோல் தொழிற்சாலை. இப்போது கட்டடத்தை இடித்து, மேல்மண்ணை இரண்டடி அள்ளிவிட்டு, செம்மண் அடித்து, மனை பிரித்து விற்கிறார்கள். டி.டி.சி.பி. (நகர ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் இருக்கிறது. மண் பரிசோதனை ரிப்போர்ட்டும் காட்டுகிறார்கள். பக்கத்து லே-அவுட்டைவிட சென்ட் விலை குறைவு. வாங்கலாமா, வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. மண்ணில் என்ன மிச்சம் இருக்கிறது என்பது ஒன்று. அந்த மண்மேல் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பது இன்னொன்று. வீடு கட்டி, போர் போட்டு, பின்பக்கம் கீரைப் பாத்தி வைக்கிறவருக்கும், கான்கிரீட் போட்டுக் குடோன் கட்டுகிறவருக்கும் ஒரே மண் ஒரே ஆபத்தைத் தராது.

மண், நிலத்தடி நீர் மாசு ஆய்வில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். அதில் பாதிக் காலம் பாலாற்றுப் பக்கம்தான். ஆனாலும் உங்கள் மனையை நான் பார்க்கவில்லை. வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ இங்கே உட்கார்ந்து சொன்னால் அது ஜோசியம். எதைப் பார்த்து முடிவெடுப்பது என்பதைத்தான் சொல்ல முடியும்.

முதலில் கையில் இருக்கும் காகிதங்கள். டி.டி.சி.பி. பார்ப்பது சாலை அகலம், பொது ஒதுக்கீட்டு இடம், மனை அளவு, நிலப் பயன்பாடு போன்றவற்றை. மண்ணின் வேதியியலைப் பார்ப்பது அவர்கள் வேலை இல்லை, அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அடுத்து அந்த மண் பரிசோதனை ரிப்போர்ட். அதைக் கேட்டு வாங்கி ஒருமுறை முழுக்கப் படியுங்கள். 'எஸ்.பி.சி.' என்று போட்டு, சதுர மீட்டருக்கு இத்தனை டன் தாங்கும் என்று இருந்தால் அது அஸ்திவாரத்துக்கான ரிப்போர்ட். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று இருந்தால் அது விவசாயத்துக்கானது. இரண்டுக்கும் பெயர் மண் பரிசோதனைதான். இரண்டையும் 'மண் நல்ல மண்' என்பதற்குச் சான்றாக நீட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கூட இல்லை, பலருக்கு வித்தியாசமே தெரியாது.

சரி, ஒரு டேனரி மண்ணில் எதை விட்டுப்போகும்? அது எந்தக் காலத்து டேனரி, எந்த முறையில் தோல் பதனிட்டது என்பதைப் பொறுத்தது. ஆவாரம் பட்டை, வேலம்பட்டை, கடுக்காய் என்று பட்டைத் தோல் மட்டும் செய்த பழைய இடமென்றால் குரோமியம் பெரிய கவலையாக இருக்காது. ஆனால் உப்பு இருக்கும். தோல் அழுகாமல் இருக்க உப்பில் புரட்டித்தான் வரும், முதல் வேலையே அந்த உப்பைக் கழுவி வெளியே விடுவது. பிறகு முடி நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்ட குழிகள். குரோம் முறை வந்தபிறகு அதோடு குரோமியம் சல்பேட். இவற்றில் உப்பு நிச்சயமாகத் தண்ணீரோடு கீழே இறங்கியிருக்கும். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பாதிப்பைப் பற்றிய வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996-ல், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்புச் சொன்னது.

குரோமியத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பயமும் அலட்சியமும் இரண்டும் இங்கேதான் தவறாகப் போகின்றன. குரோமியம் இரண்டு வேடத்தில் வரும். மூன்று இணைதிறன் கொண்டது மண்ணில் ஒட்டிக்கொண்டு அதிகம் நகராது, உடம்புக்கும் ஒப்பீட்டளவில் சாது. ஆறு இணைதிறன் கொண்டது தண்ணீரில் கரையும், மஞ்சளாக ஓடும், மூச்சில் போனால் புற்றுநோய் தரக்கூடியது. டேனரி பயன்படுத்துவது முதல் வகை. கழிவுக் குழியின் கசட்டில் கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் குரோமியம் இருந்தாலும், அது பெரும்பாலும் இந்த முதல் வகையாகவே இருக்கும். மொத்தக் குரோமியம் என்ற எண்ணை மட்டும் பார்த்து அலறுவதும் தப்பு, 'டேனரி குரோமியம் ஒன்றும் செய்யாது' என்று கைகழுவுவதும் தப்பு. மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு போன்றவை இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டாம் வகையாக மாறும் வாய்ப்பு உண்டு. உங்கள் மண்ணில் அது நடந்திருக்கிறதா என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும், ஊகிக்க முடியாது.

ராணிப்பேட்டையை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். அங்கே சிப்காட் தொழிற்பேட்டை வளாகத்தில் மலைபோலக் கிடந்தது டேனரிக் கழிவு இல்லை. டேனரிகளுக்கு வேண்டிய குரோமிய ரசாயனத்தைத் தயாரித்த தொழிற்சாலையின் கழிவு அது. குரோமைட் தாதுவைச் சோடா உப்போடு சூளையில் வறுத்து, கரையும் குரோமேட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள். அந்த மிச்சத்தில் இரண்டாம் வகைக் குரோமியம் அடைபட்டுக் கிடந்து, ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கசியும். 1990களின் நடுவில் தொழிற்சாலை மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கழிவு அங்கேயே நின்றது. உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்கள் என்று 2006-ல் ஒரு சர்வதேச அமைப்பு வெளியிட்ட பட்டியலில் ராணிப்பேட்டை இடம்பெற்றதற்கு இதுவே முக்கியக் காரணம். இதே தொழிலைச் செய்த ஆலை ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ அருகே 1968 வரை ஓடியது. அதன் கழிவைப் பள்ளம் நிரப்பும் மண்ணாகப் பல இடங்களில் கொட்டிவிட்டார்கள். ஆலை மூடி ஐம்பது வருடம் கழித்து, 2021-ல், அங்கே ஒரு ஓடை அந்தக் குரோமியம் கசிந்து பச்சைப் பசேலென்று ஓடியது. ஆகவே நீங்கள் பார்க்கும் இடம் வெறும் டேனரிதானா, இல்லை முலாம் பூசும் பட்டறை, குரோம் ரசாயனக் கிடங்கு ஏதாவது உள்ளே இருந்ததா என்று விசாரிப்பது முதல் வேலை. பதில் மாறினால் மொத்தக் கணக்கும் மாறும்.

இனி அந்த இரண்டடி. எண் ஒன்றும் கேலிக்குரியது இல்லை. லண்டனில் 2012 ஒலிம்பிக் பூங்கா எழுந்த ஸ்ட்ராட்ஃபோர்டு பகுதி தலைமுறை தலைமுறையாகத் தொழிற்சாலைகளும் குப்பை மேடுகளும் இருந்த இடம். அங்கேயும் பல இடங்களில் மேலே ஏறக்குறைய இரண்டடிச் சுத்தமான மண்தான் போட்டார்கள். இன்று மக்கள் அங்கே குடியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் நிலம் முழுக்கக் குழி தோண்டி மாதிரி எடுத்தார்கள். மாசுபட்ட மண்ணை அங்கேயே இயந்திரம் வைத்துக் கழுவினார்கள். நிலத்தடி நீரைத் தனியாகச் சுத்தம் செய்தார்கள். சுத்தமான மண்ணுக்கு அடியில் பளிச்சென்ற ஆரஞ்சு நிற வலையை விரித்தார்கள். பின்னால் எவனாவது மண்வெட்டி போட்டு வலை தென்பட்டால், அதற்குக் கீழே போகாதே என்று அர்த்தம். உங்கள் லே-அவுட்டில் அந்த இரண்டடி எந்த அளவீட்டின் பேரில் முடிவானது என்று கேட்டுப்பாருங்கள். ஜே.சி.பி. எத்தனை மணி நேரத்துக்குப் பேசினார்களோ அத்தனை ஆழம் என்பதுதான் பல இடங்களில் நிஜமான பதில்.

மண் கழுவுவது என்றதும் சலவை மாதிரி நினைக்க வேண்டாம். உலோக மாசு பெரும்பாலும் களிமண், வண்டல் என்ற நுண்துகள்களோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் விட்டுக் கலக்கி, சலித்து, மணலையும் சரளையையும் தனியாகப் பிரித்தால் அவை ஓரளவு சுத்தமாக வரும். விஷமெல்லாம் கொஞ்சம் சேற்றில் குவிந்துவிடும். அந்தச் சேற்றைத்தான் அபாயக் கழிவுக்கான பாதுகாப்பான நிலநிரப்பிடத்துக்கு அனுப்புவார்கள். நம் ஊரில் களிமண் பாங்கான நிலமென்றால் பிரித்தெடுக்க மணலே குறைவு, முறை பலிக்காது. இரண்டாம் வகைக் குரோமியமாக இருந்தால் இரும்புச் சல்பேட் கலந்து முதல் வகையாக மாற்றலாம். அமெரிக்காவில் எலிசபெத் சிட்டி என்ற இடத்தில், முலாம் பட்டறையிலிருந்து கசிந்த குரோமியம் ஆற்றை நோக்கிப் போவதைத் தடுக்க 1996-ல் பூமிக்குள்ளேயே இரும்புத்தூள் சுவர் ஒன்று வைத்தார்கள். நீளம் 46 மீட்டர், ஆழம் ஏழு மீட்டருக்குச் சற்று மேல். தண்ணீர் சுவரின் ஊடே போகும், குரோமியம் அங்கேயே மாறித் தங்கிவிடும். அழகான யோசனை. ஒரு மனை வாங்குகிறவர் செய்யக்கூடிய காரியம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அள்ளிய மண் எங்கே போனது என்றும் கேளுங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு இடத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள், ஊர் வேண்டாம். 'மூணடி எடுத்தாச்சு சார், சும்மா ஒரு சர்டிஃபிகேட்' என்றார் உரிமையாளர். நிலம் முழுக்கச் செம்மண், பார்க்க லட்சணமாக இருந்தது. மதில் ஓரத்தில் ஒரு வேப்பமரம் நின்றதால் அந்தப் பக்கம் இயந்திரம் போகவில்லை. அங்கே நாலடி தோண்டினோம். சாம்பல் கலந்த நீலப்பச்சையில், விரலில் வழுவழுவென்று ஒட்டும் கசடு வந்தது. பழைய கழிவுத் தொட்டி அங்கேதான் இருந்திருக்கிறது. அள்ளிப்போன மண்ணைப் பற்றிக் கேட்டபோது, ஊர்க் கோடியில் தாழ்வாகக் கிடந்த இன்னொருவர் மனையை மேடாக்க விற்றுவிட்டதாகச் சாதாரணமாகச் சொன்னார். அந்த இன்னொருவரிடம் போய் நாங்கள் சொன்னபோது அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மாதிரி எடுப்பதில் நடக்கும் ஒரு தந்திரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாக ஆய்வகத்துக்குக் கொடுப்பார்கள். விவசாயத்துக்கு அது சரியான முறை. இங்கே அது உண்மையை மறைக்கும். நான்கு இடத்தில் கிலோவுக்கு 20 மில்லிகிராம், ஒரு இடத்தில் 500 என்று வையுங்கள். கலந்தால் 116 வரும். அந்த 500 இருக்கும் இடத்தில் உங்கள் மனை இருந்தால் 116 என்ற எண்ணால் உங்களுக்கு என்ன பிரயோஜனம்? கழிவுத் தொட்டி, சுண்ணாம்புக் குழி, ரசாயனக் கிடங்கு, கசடு காயவைத்த களம் இவை இருந்த இடங்களில் தனித்தனியாக, வெவ்வேறு ஆழத்தில் எடுக்க வேண்டும். தொழிற்சாலைக்குச் சம்பந்தமில்லாத பக்கத்து நிலத்திலும் ஒன்று எடுக்க வேண்டும். சேலம், நாமக்கல் பக்கம் சில பாறைகளிலேயே குரோமியம் இயற்கையாக அதிகம், சித்தம்பூண்டியில் குரோமைட்டே கிடைக்கிறது. ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் பாறை செய்ததையும் ஆலை செய்ததையும் பிரிக்க முடியாது.

எண் வந்துவிட்டது என்றே வையுங்கள். எத்தனை இருந்தால் பரவாயில்லை? நான் முதலில் சொன்ன இரண்டாவது கேள்வி இங்கேதான் திரும்பி வருகிறது. இந்தத் துறையில் அடிக்கடி புரட்டப்படும் கனடா நாட்டு வழிகாட்டியில், மண்ணில் பாதரசம் குடியிருப்புக்குக் கிலோவுக்கு 6.6 மில்லிகிராம், வணிக இடத்துக்கு 24, தொழிற்சாலைக்கு 50. ஒரே மண், ஒரே பாதரசம், மூன்று எண். நம் கண்ணெதிரே நடந்த பெரிய வாக்குவாதமும் இதுதான். கொடைக்கானலில் பாம்பார் சோலையை ஒட்டியிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடை வரை போனது வெளியே தெரிந்து, 2001-ல் மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற சண்டை மட்டும் வருடக்கணக்கில் நீண்டது. முதலில் 10 மில்லிகிராம் என்று பேசப்பட்டு, பிறகு 20 ஆனது. இதைவிட இறங்கினால் சரிவில் மரங்களை வெட்டி மண்ணைப் பெயர்க்க வேண்டும், அரிப்பு இன்னும் மோசமாகும் என்பது நிறுவனத்தின் வாதம். சோலைக்கும் கீழே பாயும் தண்ணீருக்கும் 20 மிக அதிகம், வெளிநாட்டில் ஒரு நிறுவனம் இப்படிக் கேட்கத் துணியுமா என்பது எதிர்த்தவர்களின் வாதம். மண்ணைக் கிளறினால் சேதம் என்பதில் நிறுவனம் சொன்னது பொய் இல்லை. ஆனால் காட்டு நீர்ப்பிடிப்பில் இருக்கும் நிலத்துக்கு, குடியிருப்பை மனதில் வைத்துத் தனியாகக் கணக்குப் போட்ட அந்த 20 போதும் என்று எடுத்துக்கொண்டதை என்னால் ஏற்க முடியவில்லை. மீனில் சேரும் பாதரசத்துக்குக் குடியிருப்புக் கணக்கு பொருந்தாது. இதில் என்னோடு உடன்படாத நல்ல பொறியாளர்களும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். மாசுபட்ட இடங்களுக்கென்று தனி விதிகள் இந்தியாவில் 2025 ஜூலையில்தான் வந்தன. மாவட்ட நிர்வாகம் சந்தேகப்படும் இடங்களைப் பட்டியலிட வேண்டும், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆராய வேண்டும், மாசுபடுத்தியவரைக் கண்டுபிடித்துச் செலவை வாங்க வேண்டும் என்று காலக்கெடுவோடு எழுதியிருக்கிறார்கள். அந்த சமயத்தில் நாடு முழுக்க அடையாளம் காணப்பட்டிருந்தவை 103 இடங்கள், வேலை தொடங்கியிருந்தது ஏழு இடங்களில். பட்டியலில் பெயர் இல்லை என்பதால் உங்கள் மனை சுத்தம் என்று ஆகிவிடாது, அவ்வளவு சிறிய இடத்தை யாரும் இதுவரை தேடவே இல்லை.

பத்திரத்தையும் கவனியுங்கள். அமெரிக்காவில் நயாகரா அருகே லவ் கால்வாய் என்ற இடத்தில் ஒரு ரசாயன நிறுவனம் இருபதாயிரம் டன் அளவுக்குக் கழிவைப் புதைத்து, மேலே களிமண் மூடி, 1953-ல் பள்ளிக்கூட வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்குக் கிரயம் செய்து கொடுத்தது. ரசாயனம் புதைந்திருக்கிறது, எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பில்லை என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தார்கள். பள்ளிக்கூடம் கட்டினார்கள், சுற்றி வீடுகள் வந்தன, சாலைக்கும் சாக்கடைக்கும் தோண்டியதில் மூடிய களிமண் உடைந்தது. 1978-ல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. நம் ஊரில் அப்படி ஒரு வரிகூடப் பத்திரத்தில் இருக்காது. வில்லங்கச் சான்றில் கடன் தெரியும், கசடு தெரியாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வதைச் சொல்கிறேன். அட்வான்ஸ் கொடுக்கும் முன், கூகுள் எர்த்தில் பழைய வருடத்துப் படங்களை வைத்துத் தொட்டிகள் எங்கே இருந்தன என்று பார்த்து, உங்கள் மனை எண்ணை அதன்மேல் வைத்துப் பார்ப்பேன். அங்கே வேலை செய்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடப்பேன், எந்த ரிப்போர்ட்டும் சொல்லாததை அவர் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார். பிறகு என்.ஏ.பி.எல். என்ற தேசிய வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மொத்தக் குரோமியம், ஆறு இணைதிறன் குரோமியம், குளோரைடு, சல்பேட் நான்கும் பார்க்கச் சொல்வேன். கடைசி இரண்டும் வீட்டுக்கானவை, அஸ்திவாரக் கம்பியையும் கான்கிரீட்டையும் அவைதான் தின்னும். பூஞ்சை வராமல் தோலுக்குப் பென்டாகுளோரோஃபீனால் அடித்த காலத்து டேனரி என்றால் கிடங்கு இருந்த இடத்தில் அதையும் பார்க்க வேண்டும். பக்கத்துப் போர் தண்ணீரில் கரைந்த உப்பும் குரோமியமும் பார்க்க வேண்டும். குடிநீருக்கு இந்தியத் தரத்தில் குரோமிய வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். கரைந்த உப்புக்கு 500, வேறு வழியே இல்லாவிட்டால் 2000. ஆறு இணைதிறன் குரோமியத்துக்கான தண்ணீர் மாதிரி ஒரே நாளில் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும், காரில் நாலு நாள் கிடந்தால் முடிவை நம்ப முடியாது. இத்தனையும் சேர்ந்து ஆகும் செலவு மனை விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை. சோதிக்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அதுவும் ஒரு ரிசல்ட்தான்.

உப்பு அதிகம், குரோமியம் வரம்புக்குள் என்று வந்தால், போர் போடாமல் நகராட்சித் தண்ணீரை நம்பி, செடிகளைத் தொட்டியில் வளர்த்துக்கொண்டு குடியிருக்கலாம் என்பது என் கருத்து. ஆறு இணைதிறன் குரோமியம் மண்ணிலோ தண்ணீரிலோ தெளிவாக வந்தால், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு நான் வாங்கமாட்டேன், எவ்வளவு விலை குறைத்தாலும். நடுவில் வரும் எண்களுக்கு உடம்பு எப்படிப் பாதிக்கும் என்று சொல்ல நான் மருத்துவன் இல்லை. முடிவு வந்ததும் எண்களை இங்கேயே போடுங்கள், மண்ணைப் பொறுத்தவரை படித்துச் சொல்கிறேன்.

இன்னொன்று, மறந்தே போனேன். ஒவ்வொரு பழைய டேனரியிலும் ஒரு பெரிய திறந்த கிணறு இருந்திருக்கும், தண்ணீர் இல்லாமல் அந்தத் தொழிலே கிடையாது. உங்கள் லே-அவுட் வரைபடத்தில் அது எங்கே என்று கேளுங்கள். மூடிவிட்டோம் என்றால், எதைப் போட்டு மூடினீர்கள் என்று கேளுங்கள். இடிபாடும் தொட்டிக் கசடும் போவதற்கு மிக வசதியான பள்ளம் அதுதான், அது நேராகப் போய் நிற்பது பக்கத்து வீட்டுப் போர் குடிக்கிற அதே தண்ணீரில்.